வெள்ளைக் கோடு
(திரையேறிய போர்விமானங்கள் - 9)

யாக்-15 விமானத்தின் கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. ஜெட் அனல் தாங்காமல் அதன் வால்சக்கரத்தை எஃகினால் செய்ய நேர்ந்த விருத்தாந்தம் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு நினைவிருக்கும். மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம் மிக்-15 விமானத்தை அமெரிக்கரின் சேபரோடு மோதவிட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஆசிரியரும் அந்த ஆகாய யுத்தத்தை எதிர்பார்த்து, நாளைக் காலைக்குள் கட்டுரை வரவேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். ஆனால் யுத்தத்துக்குப் புறப்படுமுன் விமானியின் ஆசனத்தில் அமர்ந்து கருவிப்பலகையை ஒருமுறை நிதானமாகப் பார்த்ததில், வேறொன்றையும் நினைக்கவொட்டாமல் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. சேபர் காத்திருக்கட்டும்.

விமானத்தின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1946-இல் பிரிட்டன் தன் ரோல்ஸ்-ராய்ஸ் நீன் யந்திரங்களைச் சோவியத் நாட்டுக்கு விற்றது. அந்த விற்பனையின் பலன் தனக்கே எதிராகத் திரும்பும் என்பதை அன்றைய லண்டன் மந்திரிகள் எவ்வளவு தூரம் யோசித்தார்களோ, தெய்வத்துக்கே வெளிச்சம். 1947 டிசம்பர் 30 அன்று விக்டர் யுகானோவ் என்ற சோதனை விமானி மிக்-15-இன் முதல் மாதிரியை ஆகாயத்தில் ஏற்றினார். நீனைப் பார்த்துச் செய்த பிரதியைக் கிளிமோவ் என்ற யந்திர நிர்மாணியின் நிபுணர்கள் மேலும் திருத்தி, வி.கே.-1 என்ற பெயரில் 2,700 கிலோகிராம் உந்துவிசை தரும் யந்திரமாக்கினார்கள். அதைப் பூட்டிய மிக்-15பிஸ் ரகத்தைத்தான் பெல்சிம்டெக் குழுவினர் டி.சி.எஸ். என்ற கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக, ஒவ்வொரு விசையும் அழுத்தினால் அசையும்படி, அசாதாரணமான சிரத்தையோடு ஆக்கித் தந்திருக்கிறார்கள்.

அந்த ஆசனத்தில் உட்கார்ந்தால் எதிரே ரஷ்ய எழுத்துகள். உயரம் மீட்டரில், வேகம் கிலோமீட்டரில். தரையில் ஓட்டுவதே ஒரு வித்தை: முன்சக்கரம் தன் இஷ்டப்படி திரும்பும், கைத்தண்டிலுள்ள பிரேக் நெம்பை அழுத்தியபடி காலால் சுக்கான் பெடலை மிதித்தால், காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக் ஒருபக்கச் சக்கரத்தை மட்டும் பிடிக்க, விமானம் அந்தப் பக்கம் முகம் திருப்பும். புதிதாக வருகிறவர் ஓடுபாதைக்குப் போய்ச் சேர்வதற்குள் புல்தரையை இரண்டொருமுறை தரிசித்துவிடுவார். இதையெல்லாம் கடந்து, கருவிகளின் நடுவே பார்த்தால், பலகையின் மேலிருந்து கீழாக, யாரோ சுண்ணாம்பால் இழுத்துவிட்டாற்போல ஒரு வெள்ளைக் கோடு. அது எந்தக் கருவியோடும் சேர்ந்ததல்ல; அதில் முள்ளில்லை, எண்ணில்லை, எழுத்தில்லை. நான் சொல்ல வந்தது அந்தக் கோட்டைப் பற்றித்தான்.

பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையுள்ள விமானம் மெதுவாகப் பறக்கும்போதும், உயரத்தில் தண்டை அளவுக்கு மீறி இழுக்கும்போதும், அதன் இறக்கை நுனிகள் முதலில் காற்றின் பிடியை இழக்கும். அதைத் தடுப்பதற்காகவே மிக்-15-இன் ஒவ்வொரு இறக்கையின் மேலும் இரண்டு தகட்டுவேலிகள் நிறுத்தியிருக்கிறார்கள். இறக்கையோரமாக நுனியை நோக்கி வழிந்தோட முயலும் காற்றை அவை மறிக்கும். மறித்தும் பயனின்றி ஒரு பக்கத்து இறக்கை அதிகமாகப் பிடி தளர்ந்துவிட்டால், விமானம் அந்தப் பக்கம் கவிழ்ந்து, பம்பரம்போல் சுழன்றுகொண்டே கீழே விழத் தொடங்கும். மீளும் வழியைப் பாடமாகச் சொல்வது எளிது: சுழலுக்கு எதிர்ப்பக்கத்துப் பெடலை முழுவதும் மிதி, பிறகு தண்டை முன்னால் தள்ளு, தள்ளும்போது தண்டு இடமோ வலமோ சாயாமல் நட்டநடுவில் இருக்கட்டும், ஏனெனில் இறக்கையோரப் பலகைகள் சிறிது கோணினாலும் அவையே சுழலுக்குத் துணைபோகக்கூடும். கஷ்டமெல்லாம் அந்தக் கடைசி நிபந்தனையில் இருக்கிறது. பூமியும் வானமும் மாறிமாறிக் கண்ணெதிரே ஓட, உடம்பு ஒருபக்கமாக வீசியெறியப்பட, சுக்கான்களில் மோதும் காற்று தண்டின் வழியே கையோடு மல்லுக்கட்ட, நடு எது என்ற பிரக்ஞை மனிதனுக்கு அறவே போய்விடுகிறது. தான் நேராகத் தள்ளுவதாக அவன் சத்தியம் செய்வான். தண்டோ நாலு விரற்கடை விலகியிருக்கும்.

சோவியத் நிபுணர்கள் இதற்கு என்ன பரிகாரம் கண்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? புதிய கருவியா, எச்சரிக்கை மணியா, தானியங்கி யந்திரமா? ஒரு தூரிகையையும் கொஞ்சம் வெள்ளைச் சாயத்தையும் எடுத்துப் பலகையின் நடுவில் கோடு கிழித்தார்கள். சுழலில் அகப்பட்டால் தண்டை அந்தக் கோட்டை நோக்கித் தள்ளு, அவ்வளவுதான் விதி. கோட்டின் நேரே தண்டு போனால் அதுவே நடு. உடம்பு பொய் சொல்லலாம், உட்காதும் பொய் சொல்லலாம், கோடு பொய் சொல்லாது. இத்தனை அற்பச் செலவில் இத்தனை கெட்டியான யுக்தியை ஆகாய விமானத்தின் சரித்திரத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை. மிக்-17-லும் கோடு உண்டு. 1963 முதல் நம் இந்திய விமானப்படையில் பறக்கத் தொடங்கிய மிக்-21-லும் உண்டு. யந்திரங்கள் மாறின, வேகம் ஒலியைப்போல் இருமடங்காயிற்று, கோடு மாத்திரம் அழியவில்லை.

அதன் அவசியத்துக்கு அத்தாட்சி கொரிய யுத்தத்தில் ஏராளம். சேபர் விமானிகள் தாங்கள் ஒரு குண்டுகூடச் சுடுவதற்கு முன்பே எதிரே இருந்த மிக் தானாகச் சுழன்று விழுந்ததைப் பலமுறை பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி போதாத விமானிகள் பதற்றத்தில் தண்டை இழுத்ததன் விளைவு. இங்கே கிளைக்கதை ஒன்று. அதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1950 நவம்பரில் யாலு நதிக்கரையில் யுத்தத்தில் இறங்கிய சோவியத் விமானிகள், தாங்கள் ரஷ்யர் என்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காக, ரேடியோவில் கொரிய மொழியில் பேசவேண்டுமென்று உத்தரவு பெற்றிருந்தார்கள். அவசியமான வாக்கியங்களை உச்சரிப்போடு எழுதி விமானத்தில் கையோடு வைத்துக்கொண்டார்கள். எதிரி பின்னால் வந்து குண்டுமாரி பொழியும் க்ஷணத்தில் எவன் சீட்டைப் பார்த்துக் கொரிய மொழி பேசுவான்? ரஷ்ய மொழியும் அதன் வசைகளும் ஆகாயமெங்கும் ஒலித்தன. உத்தரவு காற்றோடு போயிற்று. சீட்டும் தரையில் உட்கார்ந்து எழுதப்பட்டதுதான், கோடும் தரையில் உட்கார்ந்து தீட்டப்பட்டதுதான். ஒன்று ஆபத்தில் இருப்பவனுடைய ஞாபகசக்தியை நம்பியது. மற்றது அவனிடம் எதையுமே கேட்கவில்லை, கண்ணுக்கு நேரே நின்றது. நிலைத்தது எது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இனி விளையாட்டுக்கு வருவோம். இந்தத் தொடர் தொடங்கிய நாள்முதல் நான் சலிக்காமல் கேட்டுவருவது ஒரே கேள்வி: அந்த விமானியின் கைக்குத் தெரிந்ததில் எவ்வளவு நம் கைக்குத் தெரிகிறது? டி.சி.எஸ்.-இல் மிக்கை வேண்டுமென்றே சுழலவிட்டால், திரையில் பூமி சக்கரவட்டமாய்ச் சுற்றுகிறது, உயரமானியின் முள் விறுவிறுவென்று இறங்குகிறது, நெஞ்சும் கொஞ்சம் படபடக்கத்தான் செய்கிறது. ஆனால் மேஜைமேல் இருக்கும் ஜாய்ஸ்டிக்குக்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு; கையை எடுத்தால் தண்டு தானே நடுவுக்கு வந்து நின்றுவிடும். யுகானோவின் சகாக்கள் எதைத் தேடித் தவித்தார்களோ அதை நமக்கு ஒரு சின்னக் கம்பிச்சுருள் இனாமாகத் தந்துவிடுகிறது. திரையில் கோடு வெகு துல்லியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. அதற்கு அங்கே வேலையில்லை. நோயில்லாத வீட்டில் மருந்து மட்டும் வைத்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வார் தண்டர் என்ற மற்றொரு கம்ப்யூட்டர் விளையாட்டில் நிலைமை இன்னும் சௌகரியம். மௌஸை நகர்த்திப் போகவேண்டிய திசையைக் காட்டினால் போதும். தண்டையும் சுக்கானையும் கண்ணுக்குத் தெரியாத ஆசான் ஒருவர் நமக்காக அசைத்து, விமானத்தைச் சுழலுக்குள் போகவிடாமல் பெரும்பாலும் காத்துவிடுகிறார். சண்டைக்கு அது நல்ல ஏற்பாடு. அதில் மிக்-15 ஓட்டி வெற்றிமேல் வெற்றி குவிக்கும் இளைஞர்கள் பலருக்கு இந்தக் கோடு எதற்கென்று தெரியாதிருப்பதில் ஆச்சரியமில்லை. சிமுலேட்டர் முறைக்கு மாறினால் ஆசான் விலகிக்கொள்வார். அதற்கும் மேலே போக விரும்புகிறவர்கள், மைக்ரோசாஃப்ட் ஒரு காலத்தில் விற்ற சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் போன்ற, உள்ளே மோட்டார் வைத்த ஜாய்ஸ்டிக்கைப் பழைய சரக்காகவாவது தேடிப் பிடிக்கிறார்கள். அது ஸ்பிரிங்கைப்போல் எப்போதும் நடுவைச் சுட்டாது. விளையாட்டு அனுப்பும் விசைக்கேற்பக் கையைத் தள்ளும், இழுக்கும், நடுங்கும். அதைப் பிடித்துக்கொண்டு சுழலில் இறங்கினால், கண் தன்னையறியாமல் அந்த வெள்ளைக் கோட்டைத் தேடிப் போகிறது. விளையாட்டைச் செய்தவர்களின் சிரத்தைக்கு அப்போதுதான் நியாயம் கிடைக்கிறது.

பக்கம் நிறைந்துவிட்டது. மிக்கையும் சேபரையும் ஒரே விமானிகள் ஓட்டி ஒப்பிட முடிந்ததற்கு, 1953 செப்டம்பர் 21 அன்று வடகொரிய விமானி நோ கும்-சோக் தம் மிக்கோடு கிம்போ தளத்தில், எதிர்த்திசையிலிருந்து ஒரு சேபர் இறங்கிக்கொண்டிருந்த ஓடுபாதையிலேயே வந்து இறங்கியது காரணம். அந்தக் கதையோடு அடுத்த வாரம் தொடங்குவோம். அதற்குள் டி.சி.எஸ். வைத்திருப்பவர்கள் எட்டாயிரம் மீட்டருக்குக் குறையாத உயரத்தில், யாரோடும் சண்டையில்லாத வேளையில், ஒருமுறை மிக்கைச் சுழலவிட்டு, கையை ஜாய்ஸ்டிக்கிலிருந்து எடுக்காமல் கோட்டைப் பார்த்தே மீண்டு பாருங்கள். எந்த உயரத்தில் மீண்டீர்கள் என்பதைக் கடிதத்தில் எழுதுங்கள்.