பூதக்கண்ணாடியின் கீழ் ஒரு வாரம்

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை, பொழுது புலர்வதற்கு முன்னரே வீட்டுத் தொலைபேசி மணி அடித்தது. டொரொன்டோ நகரில் வசிக்கும் என் தங்கை, நலம் விசாரிக்கும் வழக்கமான பீடிகை ஒன்றுமின்றி, “அண்ணா, திகன எரியுதே, படத்தில பாத்தேன். நீங்க எல்லாரும் வீட்டுக்குள்ளதானே இருக்கீங்க?” என்று கேட்டாள். கண்டி கட்டுக்கலையில் குடியிருக்கும் நான், பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஓர் ஊர் எரிந்த காட்சியை, ஊரடங்குச் சட்டத்தின் காரணமாக வாசற்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தமையால், கண்ணாலும் காணவில்லை, படத்திலும் காணவில்லை. ஏழு கடலுக்கு அப்பால் இருக்கும் அவளோ அதற்குள் இருபது படங்களைப் பார்த்து அழுது முடித்திருந்தாள்.

அவ்வாரத்து விருத்தாந்தத்தைச் சுருங்கச் சொன்னால் போதும். பெப்ரவரி 22ஆந் திகதி தெல்தெனியவில், வீதியில் எழுந்த வாகனத் தகராறு ஒன்றின் விளைவாகச் சில முஸ்லிம் வாலிபர்களால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர், நாட்கணக்காக வைத்தியசாலையில் கிடந்து, மார்ச் மாதத் தொடக்கத்தில் காலமானார். தாக்கியவர்கள் கைதாகியிருக்க, அக்குற்றத்தோடு எள்ளளவும் சம்பந்தமில்லாத மனிதர்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் திகனவிலும், அதன்பின் கண்டியைச் சூழ்ந்த வேறு பல ஊர்களிலும் தீக்கிரையாயின. எரிந்த வீடொன்றினுள் ஓர் இளைஞனின் சடலம் கண்டெடுக்கப்பட்டது. 6ஆந் திகதி, 2011க்குப் பின் முதன்முறையாக, அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவை முடக்கப்பட்டன. பேஸ்புக் மீதான தடை 15ஆந் திகதிவரை நீடித்தது.

ஆகவே நான் படங்களைப் பார்த்தது, பழைய காலத்து மனிதர் பார்த்ததுபோல, பத்திரிகைத் தாளிலேதான். ஊரடங்கு தளர்ந்த வேளையில் கடைத்தெருவுக்கு ஓடிப்போய்ப் பாணும் பருப்பும் வாங்கிய கையோடு கிடைத்த தாள்களையெல்லாம் வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து, கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். ஒரு படத்தில், கூரைத் தகரம் மடிந்து தொங்கும் கடை வரிசை ஒன்று; அதன் முன்னே துப்பாக்கியோடு நிற்கும் விசேட அதிரடிப்படை வீரர் இருவர்; அவர்களுக்குப் பின்னால் கரி மண்டிய ஒரு வாசல். அந்த வாசலை நான் அறிவேன் என்று எனக்குத் தோன்றியது. திகனவுக்கு அருகே பதினொரு வருஷம் ஆசிரியராக இருந்த காலத்தில் என் வெள்ளைக் காற்சட்டைகளைத் தைத்துக் கொடுத்த தையற்காரரின் கடை அது என்றே முடிவு கட்டிவிட்டேன். பூதக்கண்ணாடியை நெருக்கினால் வாசல் மறைந்து கறுப்புப் புள்ளிகள் மாத்திரம் எஞ்சும். சற்றே விலக்கினால் மீண்டும் வாசலாகும். இவ்விதம் நெருக்கியும் விலக்கியும் அன்று மாலை முழுவதையும் கழித்தேன். அந்நியர் ஒருவர் பார்ப்பதுபோல் தன் ஊரின் படத்தை ஒருவனால் பார்க்க முடிவதில்லை. அதனுள்ளே தெரிந்த பெயர்ப்பலகையையும், தெரிந்த படிக்கட்டையும், தெரிந்த முகத்தையும் தேடுவதிலேயே அவன் கண்கள் ஓடுகின்றன.

அன்று என் நாசியில் நின்ற புகை திகனவின் புகையன்று. 1983ஆம் ஆண்டு ஜூலை 26ஆந் திகதி பிற்பகலில், பேராதனை வீதியில் தொடங்கிக் காசல் வீதி, திருகோணமலை வீதி என்று தமிழர் கடைகள் எரிந்தபோது எழுந்த புகை அது. அந்த நாளின் படம் ஒன்றுகூட என் வசம் இல்லை. கறுப்பு ஜூலையின் படம் என்று உலகம் அறிந்தது கொழும்பு பொரளையில் சந்திரகுப்த அமரசிங்க எடுத்த ஒன்றையே: ஆடை களையப்பட்டுக் குந்தியிருக்கும் ஒரு தமிழ் இளைஞன், அவனைச் சூழ்ந்து சிரித்துக் களிக்கும் வாலிபர்கள். அதை நான் பல வருஷங்களுக்குப் பின்னரே பார்த்தேன். இரண்டாம் முறை பார்க்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

கண்டியில் நேர்ந்த நாசங்களுள், நான் அறிந்தவரை, ஒன்றின் படங்கள் மட்டுமே அனைவரும் காணும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. 1998 ஜனவரி 25ஆந் திகதி, சுதந்திரப் பொன்விழாவுக்குப் பத்தே நாள் இருக்கையில், தலதா மாளிகையின் வாயிலில் விடுதலைப் புலிகள் வெடிக்கச் செய்த லொறிக் குண்டின் சேதத்தை அங்குள்ள அரும்பொருட்சாலையின் புகைப்படங்கள் காட்டுகின்றன. சிங்கள நண்பர் ஒருவரோடு அவற்றின் எதிரே நின்றபோது, அந்தக் குண்டோடு யாதொரு தொடர்பும் இல்லாத நான் ஏன் தலை குனிந்தேன் என்பதை அவருக்கு விளக்க என்னால் இயலவில்லை. அவர் என் தோளில் கைவைத்து அழைத்துப் போனார். அப்படங்கள் அங்கே இருப்பது நியாயமே. காசல் வீதியின் படமும் திகனவின் படமும் ஏதேனும் ஒரு சுவரில் இடம்பெற வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

மறுபுறம், படங்களை நம்பியே திகனவின் நெருப்பு வளர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. பெப்ரவரி 26ஆந் திகதி அம்பாறையில், முஸ்லிம் உணவகம் ஒன்றின் சாப்பாட்டில் மலட்டு மருந்து கலந்திருப்பதாகக் கிளம்பிய வதந்திக்கு, மிரண்டு நின்ற கடைக்காரர் ஒருவரின் வீடியோவே அத்தாட்சியாகக் கொள்ளப்பட்டது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் உறுதி செய்தும், அதற்குள் அங்கே பள்ளிவாசல் தாக்கப்பட்டாயிற்று, கைத்தொலைபேசிகளில் வன்மம் ஊறியாயிற்று. அந்நாட்களில் தன் தளம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டமைக்காகப் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கோரியது 2020ஆம் ஆண்டில்.

மாத முடிவில் திகனவுக்குப் போனேன். விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியபோது வீடிழந்தவர்கள் குடியேறி வளர்ந்த பிரதேசம் அது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் இடிபாடுகள் தலைகாட்டும். நீருக்கு ஒரு வீட்டைக் கொடுத்தவர்கள் நெருப்புக்கு மற்றொன்றைக் கொடுத்தார்களே என்று எண்ணியவாறே கடைத்தெருவில் இறங்கினேன்.

தையற்காரர் ஒரு கதிரையைத் தெருவோரத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மெஷின்: பலகை எரிந்துபோய், மிதியும் சக்கரமும் இரும்புக் கால்களும் மாத்திரம், மழையில் துருவேறி நின்றன. நட்டஈட்டு விண்ணப்பத்தோடு கடையின் படம் சேர்க்க வேண்டுமென்றும், தன் படங்களெல்லாம் கைத்தொலைபேசியோடு எரிந்துவிட்டன என்றும் அவர் சொன்னபோது, சட்டைப்பைக்குள் மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டை, ஒரு பெரிய உபகாரம் செய்பவனைப்போல, எடுத்து நீட்டினேன். அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நகம் கருகிய பெருவிரலைத் தாளின் வலது ஓரத்தில் வைத்தார்.

“சேர், இது என்ட கடை இல்ல, பக்கத்துக் கடை. என்டது இதுக்கு அங்கால. படம் இந்தத் தூணோட முடிஞ்சிட்டு.”