பலர் கூடி எழுதும் களஞ்சியமும் மாற்றுப் பொருளாதாரமும்

அறிவைத் தொகுத்து வைக்கும் பணி நெடுங்காலமாகப் புலவர் குழுக்களுக்கே உரியதாக இருந்து வந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தை நேயர்களில் பலர் அறிந்திருக்கக்கூடும். பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, துறைதோறும் வல்லவர்கள் எழுத, ஆசிரியர் குழு செப்பம் செய்ய, அஃது உருப்பெற்றது. 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் இணையத்தில் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா இதற்கு முற்றிலும் மாறான முறையை மேற்கொண்டது. அதில் எவரும் எழுதலாம். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம். தொண்டாக எழுதும் இவர்களுக்கு அந்நிறுவனம் ஊதியம் அளிப்பதில்லை. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன.

ஒரு மரத்தைப் பற்றியோ மலையைப் பற்றியோ எழுதும்போது இம்முறையால் பெரும் இடர் நேர்வதில்லை. கருத்து வேற்றுமை மிகுந்த ஒரு துறையில் இஃது எவ்வாறு இயங்குகிறது என்பதையே நாம் இங்கு ஆராயப் புகுகிறோம். மாற்றுப் பொருளாதாரம் அத்தகைய துறைகளுள் ஒன்று. இலாப நோக்கமும் சந்தைப் போட்டியுமே வாழ்வுக்குப் போதும் என்று கொள்ளாமல், கூட்டுறவு, கிராமக் கைத்தொழில், உள்ளூர் நாணயம், உழைப்பு நேரத்தையே பண்டமாற்றாகக் கொள்ளும் நேர வங்கி முதலிய வழிகளை நாடும் கொள்கைகளை இப்பெயரால் குறிக்கிறோம். இவற்றைப் போற்றுவோரும் உளர். நடவாத கனவு என்று ஒதுக்குவோரும் உளர். இரு சாராரும் ஒரே பக்கத்தில் எழுத முற்பட்டால் என்ன நேரும்?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஆஸ்திரியா நாட்டின் வோர்கல் என்னும் சிறு நகரம், உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1932இல் தனக்கென ஒரு தாள் நாணயத்தை வெளியிட்டது. ஒவ்வொரு மாதமும் அதன் மதிப்பில் நூற்றில் ஒரு பங்குக்கு முத்திரை வாங்கி ஒட்டினால்தான் அது முழு மதிப்புடன் செல்லும். ஆகவே, அதனை முடக்கி வைப்பதில் எவருக்கும் ஆதாயம் இல்லை. பணம் விரைந்து கைமாறியது. நகராட்சியும் அதனைக் கொண்டு பொதுப் பணிகளை நடத்தியது. 1933இல் அந்நாட்டு மைய வங்கி இதனைத் தடை செய்தது.

இம்முயற்சியில் பற்றுக்கொண்டவர் ஒருவர், "வேலையின்மையை ஒழித்த அற்புதம்" என்று எழுதக்கூடும். மற்றொருவர் அதனை அழித்துவிட்டு, "ஓராண்டு நீடித்த வேடிக்கை" என்று எழுதக்கூடும். களஞ்சியத்தின் விதிகளின்படி இரண்டுமே நிலைபெறா. ஏனெனில், அங்கு மூன்று அடிப்படை விதிகள் உண்டு. எழுதுபவர் நடுநிலை பிறழலாகாது. கூறும் செய்தி, நம்பத்தகுந்த நூல் ஒன்றைக் கொண்டு சரிபார்க்கக் கூடியதாக இருத்தல் வேண்டும். தம் சொந்த ஆராய்ச்சி முடிவை அங்கு வெளியிடலாகாது. ஆகவே, முடிவில் எஞ்சுவது, நிகழ்ச்சி இன்னது, அதனைப் புகழ்ந்தவர் இன்ன நூலில் இன்னவாறு கூறினார், மறுத்தவர் இன்ன காரணம் காட்டினார் என்னும் விவரமே. நடுநிலை என்பது இரு பக்கத்துக்கும் சரிபாதி இடம் அளிப்பதன்று. ஒவ்வொரு கருத்துக்கும் தரமான நூல்களில் எவ்வளவு ஆதரவு உண்டோ, அதற்கேற்ற இடத்தை அளிப்பதே நடுநிலை.

இணக்கம் ஏற்படாவிடில், ஒவ்வொரு கட்டுரைக்கும் இணைந்துள்ள உரையாடல் பக்கத்தில் வாதிடுகின்றனர். ஆங்கிலக் களஞ்சியத்தில், ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை நீக்குபவர், எழுதும் உரிமையைச் சில காலம் இழக்க நேரிடும். கூலி பெற்று எழுதுவோர் அதனை வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும் என்னும் நிபந்தனை 2014 முதல் நடைமுறையில் உள்ளது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை நாம் கருத வேண்டும். மாற்றுப் பொருளாதாரத்தைப் பற்றி எழுதும் இக்கூட்டு முயற்சியே மாற்றுப் பொருளாதாரத்திற்கு ஒரு சான்றாகும். பொது மேய்ச்சல் நிலம் அவரவர் தன்னலத்தால் பாழாகும் என்று காரெட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞர் 1968இல் எழுதினார். எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார், சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமத்தையும் ஸ்பெயினின் பாசன வாய்க்கால்களையும் ஆராய்ந்து, 1990இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை அளித்தார். பயன்படுத்துவோரே விதிகளை வகுத்து, தாமே காவல் செய்து, தவறுக்கேற்பத் தண்டனையையும் படிப்படியாக உயர்த்துவாராயின், பொதுச் சொத்து தலைமுறை தலைமுறையாக நிலைக்கும் என்று அவர் காட்டினார். 2009இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்ற முதற் பெண்மணியும் அவரே. நம் நாட்டு ஏரிகளைக் காத்த குடிமராமத்து முறையை அறிந்தவர்களுக்கு இக்கருத்து புதுமையாகத் தோன்றாது.

எனினும், ஒரு வேறுபாடு உண்டு. மேய்ச்சல் நிலம் மேய மேயக் குறையும். கட்டுரையோ படிக்கப் படிக்கக் குறைவதில்லை. இங்குக் குறைவது காவல் செய்வோரின் நேரமும் பொறுமையுமே. பலர் கண்காணிக்கும் பக்கத்தில் புகுந்த பிழை பெரும்பாலும் விரைவில் நீங்கும். அதிகம் பேர் நாடாத பக்கத்தில் ஒரு பிழையோ விளம்பரமோ ஆண்டுக்கணக்கில் தங்கிவிடலாம். மாணவர்களும் பத்திரிகையாளர்களும் அதனை எடுத்தாள்கின்றனர். இந்நாளில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் அதனின்றே கற்கின்றன. ஒரு பக்கத்தின் பிழை பல வாயில்களாகப் பரவும் என்பதே கவலைக்குரியது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்கள் இதில் ஆற்றக்கூடிய பணி பெரிது. தஞ்சையில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்கள், வார்தாவில் 1934இல் காந்தியடிகள் நிறுவிய அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளராகத் தொண்டாற்றினார். இயற்கையை அழிக்காத நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றிய அவரது ஆங்கில நூல் 1945இல் வெளிவந்தது. இத்தகையோரைப் பற்றிய செய்திகள் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் சிதறிக் கிடக்கின்றன. சான்று நூல் எம்மொழியில் இருப்பினும் ஆங்கிலக் களஞ்சியம் ஏற்றுக்கொள்ளும். இரண்டு மூன்று மொழிகளை அன்றாடம் புழங்கும் நேயர்கள் அல்லவா இச்செய்திகளை ஒன்று சேர்க்கத் தக்கவர்கள்?

தொடங்குவதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. தாம் நன்கு அறிந்த ஒரு பொருளைப் பற்றிய பக்கத்தைத் திறந்து, அதன் வரலாற்றையும் உரையாடலையும் முதலில் படித்தல் வேண்டும். "மேற்கோள் தேவை" என்ற குறிப்பு காணப்பெறும் இடத்தில், ஊர்த் தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்தேனும் தக்க நூலை எடுத்து, பக்க எண்ணுடன் ஒரு சான்றைச் சேர்த்தல் வேண்டும். பிறர் அதனைத் திருத்தினால் சினம் கொள்ளாது காரணம் கேட்டல் வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குவோர் ஒவ்வோர் ஊரிலும் சிலர் இருப்பினும், காவலின்றிக் கிடக்கும் பக்கங்கள் பல சீர்பெறும்.