தம்பானைக்குப் போகிறவர்களுக்கு



வட ஐரோப்பாவின் பனிப் பிரதேசத்தில் கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் சிற்றூர்களைக் காண்பதற்கென்றே பல நாட்டவர் பயணம் போகின்றனர். காட்டையும் காட்டோடு ஒன்றிய மனிதரையும் காண நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கல்முனையிலிருந்து அம்பாறை, மகா ஓயா, பதியத்தலாவை ஊடாக மகியங்கனை வீதியில் சென்றால் தம்பானை. ஆதிவாசிகளான வேடர்களின் கிராமம் அது.

அங்கே நமது முன்கைகளை இரு கரங்களாலும் பற்றி வரவேற்பார்கள். தோளிலே கோடரி தொங்கும். அம்பெய்து காட்டுவார்கள், தேனும் விற்பார்கள். இதைப் படம்பிடித்துக்கொண்டு திரும்புகிறவர் வேடரைக் கண்டவரல்லர் என்பேன்.

1681இல் வெளியான தமது நூலிலே றொபர்ட் நொக்ஸ் ஒரு செய்தி சொல்கிறார். வேடருக்கு அம்புமுனை தேவைப்பட்டால் இரவிலே கொல்லன் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிடுவார்களாம். பக்கத்திலே, வேண்டிய முனையின் வடிவில் வெட்டிய ஓர் இலை! பேச்சில்லை, பேரமில்லை. அந்த வணிகத்துக்கு முதல், காடுதான்.

அந்தக் காடு என்னாயிற்று? 1949இல் ஆரம்பமான கல்லோயாத் திட்டத்தில், வேடர் வேட்டையாடித் திரிந்த நிலங்கள் சேனாநாயக்க சமுத்திரத்துள் மூழ்கின. நமது வயல்களுக்குப் பாயும் நீர் அதுவே என்பதை நாம் நினைப்பதில்லை. 1983இல் மதுரு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானதும், எஞ்சிய காட்டில் வேட்டையாடுவதும் தேனெடுப்பதும் குற்றமாயின. பல குடும்பங்கள் ஹெனானிகலைக்குக் குடிபெயர்க்கப்பட்டன. தலைவர் திசாஹாமி மட்டும் சில குடும்பங்களோடு தம்பானையை விட்டு அசையவில்லை. அவரது மைந்தர் வன்னிலா அத்தோ 1996இல் ஜெனீவா சென்று, ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடிகள் செயற்குழு முன் இதனை எடுத்துரைத்தார். திசாஹாமி 1998இல் காலமானார். தலைமை மைந்தருக்கு வந்தது. நோர்வேயின் சாமி மக்களுக்கோ 1989 முதல் தனிப் பாராளுமன்றமே இருக்கிறது.

ஆகவே தம்பானைக்குச் செல்கிறவர்கள், அம்பெய்யச் சொல்லிக் கேட்பதை விடுத்துக் காட்டைப் பற்றிக் கேளுங்கள். எந்த மரத்தில் தேன், எந்தப் பாதை இப்போது அடைபட்டது என்று கேளுங்கள்.

இன்னொன்று. மட்டக்களப்புக்கு வடக்கே, வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள். கோடரியும் இல்லை, கோலமும் இல்லை; மீன்பிடியும் சேனைப் பயிரும்தான். அதனாலே உல்லாசப் பயணிகள் அவர்களைத் தேடி வருவதில்லை. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலிலே, இக்கரையோர வேடர் வழிபட்ட ஆவிகளின் பெயரொன்று பதிவாகியிருக்கிறது: கப்பற்பேய். காட்டு மனிதர் கடலுக்கு வந்து சேர்ந்த கதை அந்தப் பெயருக்குள்ளே கிடக்கிறது.