சோழவரம் ரன்வே: விமானம் போச்சு, ரேஸ் வந்துச்சு

அம்பத்தூர்ல இருந்து செங்குன்றம் போய், ஜிஎன்டி ரோட்டுல இன்னும் கொஞ்ச தூரம் வண்டிய விட்டா சோழவரம். ஏரியால நமக்குத் தெரிஞ்ச ஊர். அங்க ஒரு பழைய ரன்வே இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

கதை இரண்டாம் உலகப் போர்ல ஆரம்பிக்குது. 1942-ல ஜப்பான்காரன் வந்துடுவான்னு பயந்து மெட்ராஸ்ல இருந்து ஜனங்க கூட்டம் கூட்டமா ஊருக்குக் கிளம்பினாங்க. 1943 அக்டோபர்ல ஒரு ஜப்பான் விமானம் நகரத்து மேல குண்டும் போட்டுச்சு. அந்தப் போர்க் காலத்தில்தான் சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று பல இடங்களில் ரன்வே போடப்பட்டது. 1945-ல் போர் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன, தளம் மட்டும் மிச்சம்.

நீளமா, சமமா, கெட்டியா ஒரு தரை சும்மா கிடந்தா வண்டிப் பைத்தியங்க விடுவாங்களா? மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதையே டிராக் ஆக்கிடுச்சு. பல வருஷம் நாடு முழுக்க இருந்து கார், பைக் ரேஸர்கள் சோழவரத்துக்கு வந்தாங்க. இங்கிலாந்தோட சில்வர்ஸ்டோனும் இதே கதைதான். அதுவும் போர்க்கால விமானத்தளம். 1950-ல ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்போட முதல் ரேஸ் அங்கதான் நடந்துச்சு. நம்ம ரேஸ் 1990 வாக்கில், பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில கட்டின புது டிராக்குக்குப் போயிடுச்சு.

அமெரிக்காவுல இந்த மாதிரி போர்க்கால ரன்வே பலது, அந்தந்த ஊர் நிர்வாகம் நடத்துற சின்ன ஏர்போர்ட் ஆச்சு. டிக்கெட் போட்டு ஏறுற விமானம் அங்க வராது. பயிற்சி விமானம், ஏர் ஆம்புலன்ஸ், மருந்து தெளிக்கிற விமானம், சொந்த விமானம், இதெல்லாம்தான் வரும். இதுக்குப் பேர் ஜெனரல் ஏவியேஷன். அங்க பொதுப் பயன்பாட்டுல இருக்கிற சுமார் 5,000 ஏர்போர்ட்ல பெரும்பாலானவை இந்த வகைதான்.

நமக்கு இது எதுக்கு? இந்தியாவுல கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்கணும். அதுல நிறைய நேரம் ஏறு, ஒரு சுத்து சுத்து, இறங்கு, மறுபடி ஏறு என்பதுதான். மீனம்பாக்கத்துல சுதந்திரத்துக்கு முன்னாடியே ஃப்ளையிங் கிளப் இருந்துச்சு. அப்போ வானம் காலி. இன்னைக்கு அந்த ரன்வேயில ஜெட் வரிசை கட்டி நிக்குது. பெரிய ஜெட் போனதும் அது கிளப்பிவிட்ட காத்துச்சுழல் அடங்குற வரைக்கும் குட்டி விமானம் நிமிஷக்கணக்கா காத்திருக்கணும். அங்க எப்படி நிதானமா பழக முடியும்? அதனால ஆவடியில இருக்கிற ஒரு பொண்ணு பைலட் ஆகணும்னா, ஃபீஸோட ஹாஸ்டல் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வெளியூர் கிளம்பணும்.

நாளைக்கே சோழவரத்தைத் திறங்கன்னு நான் சொல்லலை. பக்கத்துல ஏரி, பறவைகள், சுத்தி வீடுங்க, எல்லாத்தையும் பார்க்கணும். ஆனா பரந்தூர் பெரிய ஏர்போர்ட் பத்தி இவ்வளவு சண்டை போடுற நாம, சின்னதா ஒண்ணு எங்கன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கோமா? யோசிங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!