மருத்துவ ஸ்கேன்களும் இதயமும்

மருத்துவ ஸ்கேன்கள் இதயத்தில் ஏற்படுத்தும் விளைவுகள் என்பது, நோயறியும் படப் பரிசோதனைகளால் இதயத்துக்கோ அதில் பொருத்தப்பட்ட கருவிக்கோ உண்டாகக்கூடிய பாதிப்புகளைக் குறிக்கும். இவை கதிர்வீச்சு, ஸ்கேனுக்காகக் கொடுக்கப்படும் மருந்துகள், காந்தப்புலம் ஆகிய மூன்று வழிகளில் ஏற்படலாம். மக்கள் பெரிதும் அஞ்சுவது கதிர்வீச்சுக்குத்தான். ஆனால் பரிசோதனையின்போதே இதயத்தைப் பாதிக்கக்கூடியவை மற்ற இரண்டும் ஆகும். நோயாளி தன் உடல்நிலையை முன்கூட்டியே தெரிவித்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.

கதிர்வீச்சு

எக்ஸ்-ரே, சி.டி. ஸ்கேன், ஆஞ்சியோகிராம், அணுக்கரு மருத்துவ ஸ்கேன் ஆகியவை அயனியாக்கும் கதிர்களைப் பயன்படுத்துகின்றன. எக்கோ மீயொலியாலும், எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தாலும் வானலைகளாலும் இயங்குகின்றன. இவற்றில் அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லை.

இயற்கையிலிருந்து மட்டும் ஒருவர் ஓராண்டில் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவெர்ட் ஆகும். ஒரு மார்பு எக்ஸ்-ரேயில் கிடைப்பது 0.1 மில்லிசீவெர்ட் அல்லது அதைவிடக் குறைவு. மார்பு சி.டி. ஸ்கேனில் இது ஏறத்தாழ 7 மில்லிசீவெர்ட்.

அதிக அளவுக் கதிர்வீச்சு இதயத்தைப் பாதிக்கும் என்பது உறுதியானது. ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டு வீச்சில் உயிர் பிழைத்தவர்களிடமும், மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை பெற்ற பெண்களிடமும் பல ஆண்டுகளுக்குப் பின் இதய நோய் கூடியது கண்டறியப்பட்டது. 2013இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கதிர் சிகிச்சையில் இதயம் பெறும் சராசரி அளவு ஒவ்வொரு கிரே கூடும்போதும் தீவிர இதயத்தமனி நிகழ்வுகளின் வாய்ப்பு 7.4 விழுக்காடு உயர்கிறது. இரத்தவோட்ட நோய்களுக்கான வரம்பு 0.5 கிரே அளவுக்குத் தாழ்வாக இருக்கலாம் எனப் பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் கருதுகிறது. ஒரு சி.டி. ஸ்கேனில் இதயம் பெறுவது இதைவிடப் பன்மடங்கு குறைவு. எனினும் திரும்பத் திரும்ப எடுக்கும் ஸ்கேன்களின் அளவு சேர்ந்துகொண்டே போவதால், தேவையற்ற மறுபரிசோதனை தவிர்க்கப்படுகிறது.

மருந்துகள்

இரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிய அயோடின் கலந்த மருந்து நரம்பு வழியாகச் செலுத்தப்படுகிறது. மருத்துவமனைகளில் இது "டை" எனப்படுகிறது. உடல் முழுதும் பரவும் சூடு இயல்பானது. சில நிமிடங்களில் மறைந்துவிடும். அரிதாகக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு இரத்த அழுத்தம் சரியலாம். ஒவ்வாமையால் இதயத்தமனி சுருங்கி நெஞ்சுவலியோ மாரடைப்போ வருவது கூனிஸ் நோய்க்கூட்டறிகுறி ஆகும். இது 1991இல் விவரிக்கப்பட்டது.

இதயத்தமனி சி.டி. ஸ்கேனில் படம் கலங்காமலிருக்க நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும், தமனியை விரிக்க நாவின் அடியில் நைட்ரோகிளிசரினும் கொடுக்கப்படலாம். சில்டெனாபில் வகை மாத்திரை உட்கொண்டவருக்கு நைட்ரோகிளிசரின் கொடுத்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாகக் குறையும்.

டிரெட்மில்லில் நடக்க இயலாதவர்களுக்கு அடினோசின் அல்லது ரெகாடெனோசன் செலுத்தி அழுத்தச் சோதனை செய்யப்படுகிறது. இம்மருந்துகளால் அரிதாக மாரடைப்பும் மரணமும் நேரலாம் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013இல் எச்சரித்தது. காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன் இவற்றின் செயலைத் தடுப்பதால், சோதனைக்கு முன் அவற்றை அருந்தக் கூடாது.

காந்தப்புலம்

பரவலாகப் பயன்படும் 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ.யின் காந்தப்புலம் புவியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு ஆகும். அதனுள் இருக்கும்போது ஈ.சி.ஜி. அலைகள் உருமாறித் தெரியலாம். இது காந்தப்புலத்தில் இரத்தம் பாய்வதால் தோன்றும் மின்னழுத்தமே. இதய நோயின் அறிகுறி அன்று.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்களின் நிலை வேறு. காந்தப்புலத்தாலும் வானலைகளாலும் கருவியின் இயக்கம் மாறவோ, கம்பியின் முனை சூடாகவோ கூடும். இதனால் நெடுங்காலம் இவர்களுக்கு எம்.ஆர்.ஐ. மறுக்கப்பட்டது. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பேஸ்மேக்கருக்கு 2011இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒப்புதல் கிடைத்தது. பழைய வகைக் கருவி உடையவர்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், கருவியைச் சரிபார்த்து மாற்றியமைத்த பின் மார்பு தவிர்த்த பகுதிகளுக்கு 1,500 முறை ஸ்கேன் எடுக்கப்பட்டது. ஸ்கேனின்போது மரணமோ கம்பிப் பழுதோ நேரவில்லை. இதயத்தமனி ஸ்டென்ட் பொருத்தியவர்கள் பொதுவாக எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ளலாம்.

முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியவை

• பேஸ்மேக்கர், டிபிபிரிலேட்டர், ஸ்டென்ட், செயற்கை வால்வு இருந்தால் அதன் அடையாள அட்டை
• முன்பு டை ஊசியால் ஏற்பட்ட ஒவ்வாமை
• ஆஸ்துமா, சிறுநீரக நோய், கருவுற்றிருத்தல்
• உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தும்
• அண்மையில் எடுத்த ஸ்கேன்கள்

உண்மையாகவே தேவைப்படும் ஸ்கேனை அச்சத்தால் தள்ளிப்போடுவதும் ஆபத்தானதே. இதயத்தமனி அடைப்பு, பெருந்தமனிக் கிழிவு போன்றவற்றைக் கண்டறியத் தாமதமாவதால் வரும் கேடு, பெரும்பாலானோருக்கு ஸ்கேனால் வரும் இடரைவிட மிகப் பெரிது.