ஊட்டியில் குடியிருப்பவர்கள்

கோடை வந்தால் பெங்களூரில் ஒரு பேச்சு கிளம்பும். "இந்த வருஷம் ஊட்டிக்குப் போகலாமா?" மைசூர், குண்டல்பேட்டை, பந்திப்பூர் வழியாகப் போனால் ஏறக்குறைய 280 கிலோமீட்டர். பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டி போகக் கூடாது. ஒரு சில அரசுப் பேருந்துகளுக்கு மட்டும் அனுமதி உண்டு. 2009 முதல் இந்தத் தடை இருக்கிறது. அது யானையும் மானும் சாலையைக் கடக்கும் நேரம்.

போகிறவர்கள் பூங்காவைப் பார்ப்பார்கள். ஏரியில் படகில் போவார்கள். வர்க்கியும் தைலமும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஆனால் மழையிலும் குளிரிலும் அங்கேயே குடியிருக்கிறார்களே, அவர்கள் யார்? எப்படிப் பிழைக்கிறார்கள்?

ஊட்டியின் முழுப் பெயர் உதகமண்டலம். நீலகிரி மலையில் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள்தான் இந்த ஊரைக் கண்டுபிடித்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் 1819-ல் மலை ஏறி வந்தார். 1822-ல் கல் பங்களா கட்டத் தொடங்கினார். ஏரியை வெட்டியவரும் அவரே. ஆனால் அவர் வரும் முன்பே இங்கே ஜனங்கள் இருந்தார்கள்.

தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள். அவர்கள் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். உதகமண்டலம் என்ற பெயரே ஒரு மந்தின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் ஏறக்குறைய 2,000 பேர்தான். தோடர் பெண்கள் வெள்ளைப் போர்வையில் சிவப்பு, கறுப்பு நூலால் பூ வேலை செய்வார்கள். துணியில் கோடு போட்டுக்கொள்ள மாட்டார்கள். இழையை எண்ணி எண்ணியே ஊசி போடுவார்கள். பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் அந்தக் கணக்கு தவறாது. இந்த வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, வேறு ஊரில் செய்த துணியைத் தோடர் துணி என்று சொல்லி விற்கக் கூடாது.

கோத்தர்கள் மண்பானை செய்வார்கள். கொல்லு வேலையும் செய்வார்கள். வாத்தியம் வாசிப்பதும் அவர்கள்தான்.

படகர்கள் விவசாயிகள். தொகையில் அதிகம். இவர்களுடைய ஊரை 'ஹட்டி' என்பார்கள். படகர் பேசும் பேச்சு கன்னடத்துக்கு நெருக்கம். பெங்களூரில் இருக்கும் நமக்குக் காது கொடுத்துக் கேட்டால் கொஞ்சம் பிடிபடும். இவர்களுடைய முன்னோர் மைசூர்ச் சீமையிலிருந்து மலை ஏறி வந்தவர்கள் என்று சொல்வதுண்டு. உருளைக்கிழங்கு, கேரட், தேயிலை, இவைதான் இவர்கள் பயிர். நாம் சந்தையில் வாங்கும் ஊட்டி கேரட்டை விடியும் முன்பே குளிரில் பிடுங்குகிறார்கள். கழுவி, மூட்டை கட்டி, லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறார்கள்.

தேயிலையில் வருமானம் நிலையாக இல்லை. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலையின் விலை விழுந்தது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருந்த குடும்பங்கள் கடனில் விழுந்தன. பலர் பிள்ளைகளைக் கோயமுத்தூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்கு அனுப்பினார்கள்.

நீலகிரியில் இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்கள் அவர்கள். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. வந்தவர்களுக்கு வேலை வேண்டுமே! 1968-ல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் இன்றைய டான்டீ. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் இவர்களுடைய குடியிருப்புகளைப் பார்க்கலாம். டான்டீ நட்டத்தில் ஓடியது. 2022-ல் அதன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு ஆணை போட்டது. ஒருமுறை கப்பலேறி வந்தவர்களுக்கு, இந்த வீடும் போய்விடுமோ என்று பயம் வந்தது.

சரி, ஊருக்குள் வருவோம். குதிரை பிடிப்பவர், வேர்க்கடலை விற்பவர், படம் எடுப்பவர், லாட்ஜில் துணி துவைப்பவர், ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர், எல்லோருக்கும் சீசன்தான் அறுவடை. ஏப்ரல், மே மாதங்களில் சம்பாதிப்பதை வைத்து மழை மாதங்களை ஓட்ட வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் வரும். அது சின்னது.

ஆனால் அந்த இரண்டு மாதத்தில்தான் ஊர் திணறும். 2011-ல் ஊட்டியின் மக்கள் தொகை 88,430. மே மாதத்தில் அதைப் போலப் பல மடங்கு ஜனம் வரும். குடிநீர் போதாது. குப்பை மலையாகும். உள்ளூர் நோயாளியை ஏற்றிய ஆம்புலன்சும் நெரிசலில் நிற்கும். மலைச் சரிவில் கண்டபடி கட்டடம் கட்டினால் மண் பிடிப்பு போய்விடும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதனால் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபடி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. வெளியூர் வண்டிகள் முன்பே பதிவு செய்ய வேண்டும். 2025 கோடையில் சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி, ஞாயிறில் 8,000 வண்டி என்று அளவும் வைத்தார்கள். வியாபாரிகள் இதை எதிர்த்துக் கடையடைத்தார்கள். இரண்டு மாத வருமானம் குறைந்தால் அடுப்பு எரிவது எப்படி என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. மலை தாங்காது என்பதும் நியாயமே. எனக்குத் தெரிந்து இதற்குச் சுலபமான விடை இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். வண்டியைக் குறைத்தால் ஆளைக் குறைத்ததாக ஆகாது. பேருந்தில் வருகிறவரும் கடலை வாங்குவார், குதிரை ஏறுவார்.

பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மலைக்குக் கொண்டுபோகத் தடை உண்டு. வீட்டிலிருந்து எவர்சில்வர் கூஜாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள்.