ஜாப் ஒர்க் கம்பெனிக்கு எதுக்கு சொந்த உலை?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு சின்ன லேத் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். ஷாஃப்ட் கடைவார்கள், துளை போடுவார்கள். ஹீட் ட்ரீட்மென்ட் என்று வந்தால் அடுத்த தெரு உலைக்காரரிடம் குட்டியானையில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பிளேட்டிங் இன்னொருத்தர். "நீங்களே ஒரு உலை போட்டுக்கலாமே சார்"னு கேட்டால் முதலாளி நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். மாசத்துல நாலு நாள் வேலைக்கு உலை வாங்கி, அதுக்கு டிமாண்ட் சார்ஜ் கட்டி, ரிப்பேர் ஆள் வெச்சு, யாருக்குக் கட்டுப்படியாகும்?

அதே எஸ்டேட்டில்தான் ஐடி அவுட்சோர்சிங் கம்பெனிகளும் இருக்கின்றன. யோசித்தால் அவையும் ஜாப் ஒர்க் பட்டறைகள்தான். "இந்த வேலையை நீங்களே செய்யாதீங்க, எங்ககிட்ட குடுங்க" என்று அமெரிக்காக்காரனிடம் சொல்லிச் சொல்லியே வளர்ந்த தொழில். ஆனால் தன் சர்வர் என்று வரும்போது மட்டும் "அது எங்க ரூம்ல, எங்க பூட்டுக்குள்ளதான் இருக்கணும்" என்பார்கள். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இந்த முரண் எனக்கே உறைத்தது 2015 டிசம்பரில்தான்.

டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அது பூந்தமல்லிக்குப் பக்கத்து ஏரி என்றாலும், தண்ணீர் போனது அடையாற்று வழியாக. எங்கள் பக்கம் பெய்த மழையும், அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளின் உபரியுமே எஸ்டேட்டை மூழ்கடிக்கப் போதுமானதாக இருந்தது.

நான் அப்போது வேலை பார்த்த கம்பெனி (பேர் வேண்டாம்) எஸ்டேட்டுக்குள் மூன்று மாடி வாடகைக் கட்டடத்தில் இருந்தது. சர்வர் ரூம் முதல் மாடி. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. ஆனால் ஜெனரேட்டர் பேஸ்மென்ட்டில். ஈபி கரண்ட்டை நிறுத்தினார்கள், யூபிஎஸ் முக்கால் மணி நேரம் தாங்கியது, அவ்வளவுதான். காய்ந்த சர்வர்கள், முழுகிய ஜெனரேட்டர். பேக்கப் டேப்புகள் சர்வர் ரூமுக்கு ரெண்டு ரூம் தள்ளி ஒரு பீரோவில். அறுபது பக்கத்துக்கு அழகாக பைண்ட் செய்த பிசினஸ் கன்டினியூட்டி பிளான் ஒன்று இருந்தது. அதில் மாற்று இடம் என்று போட்டிருந்தது எங்கள் கிண்டி ஆபீஸை. கிண்டி என்ன ஆச்சுன்னு சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாலு சர்வரை படிக்கட்டில் கைமாற்றி இறக்கி, வண்டி பிடித்து, பூந்தமல்லி தாண்டி பெங்களூரு ரோட்டில் அனுப்பினோம். போய்ச் சேர்ந்தபோது ஒன்றில் ரெண்டு டிஸ்க் காலி. வேலை திரும்ப ஓட ஆறு நாள் ஆயிற்று. கிளையன்ட் கோபமே படவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் மெயில் போட்டார். அடுத்த வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பாதி வேலை வேறு ஊர் கம்பெனிக்குப் போய்விட்டது. எங்கள் டீமில் பதினோரு பேர் பெஞ்சுக்கு வந்தார்கள்.

நாங்கள் சின்ன கம்பெனி, அதனால்தான் என்று நினைக்க வேண்டாம். மழையால் அந்தக் காலாண்டு வருமானம் பாதிக்கப்படும் என்று டிசிஎஸ்ஸே அந்த டிசம்பரில் பங்குச்சந்தைக்குத் தெரிவித்தது.

எனக்கு இன்னும் உறுத்துவது ஒரு தேதி. மைக்ரோசாஃப்ட் தன் அஷ்யூர் கிளவுடை இந்தியாவில் புனே, சென்னை, மும்பை என்று மூன்று இடத்தில் திறந்தது 2015 செப்டம்பர் கடைசியில். வெள்ளத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி. எங்கள் டெஸ்ட் சர்வரின் ஒரு காப்பியாவது புனேயில் இருந்திருக்கலாம். அந்தப் பேச்சு மீட்டிங்கில் வந்தது. "டேட்டா வெளிய போகக் கூடாது" என்ற ஒரே வரியில் முடிந்தும் போனது.

கிளவுட் என்பது மேகமும் இல்லை, மாயமும் இல்லை. யாரோ ஒருத்தர் கட்டிய பெரிய கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது. அடுத்த தெரு உலைதான். அவுட்சோர்சிங் கம்பெனிக்கு அது ஏன் அவ்வளவு பொருத்தம் என்றால், நம் வேலையின் சுபாவம் அப்படி. ஒரு புராஜெக்ட் வரும், அதற்கு எட்டு சர்வர் வேண்டும். ஆர்டர் போட்டு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். ஒன்பது மாசத்தில் புராஜெக்ட் முடியும். எட்டு சர்வரும் ரேக்கில் சூடாக உட்கார்ந்திருக்கும். டெவலப்மென்ட், டெஸ்டிங் சர்வர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரம் 5 நாள் என்றால் 45 மணி நேரம். வாரத்துக்கு மொத்தம் 168 மணி நேரம். கிட்டத்தட்ட முக்கால் பங்கு நேரம் அது சும்மா ஓடுகிறது. வாடகை என்றால் அந்த நேரம் அணைத்துவிடலாம். அணைக்க மறந்தால் ஆட்டோ வெயிட்டிங் சார்ஜ் மாதிரி ஏறும். வெள்ளிக்கிழமை மறந்துவிட்டு திங்கட்கிழமை பில்லைப் பார்த்து முழித்தவர்களில் நானும் ஒருவன்.

"கிளவுட்ல செலவு ஜாஸ்தி, 37சிக்னல்ஸ் கம்பெனியே வெளிய வந்துடுச்சே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022ல் அவர்கள் அறிவித்தது உண்மைதான். ஆனால் அவர்கள் சொந்த மென்பொருளை வருஷம் முழுக்க ஒரே சீராக ஓட்டுகிறவர்கள். தினமும் மூன்று ஷிஃப்ட் உலை எரிகிறவன் சொந்த உலை வாங்குவதுதான் சரி. நம்முடையது வந்து போகும் வேலை. நம் வேலையிலும் இருபத்திநாலு மணி நேரமும் ஒரே அளவில் ஓடும் சர்வர் இருந்தால், கணக்குப் போட்டுப் பார்த்து அதை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கிளவுடுக்குத் தூக்குங்கள் என்று நான் சொல்லவில்லை.

கம்பெனிகள் தயங்கியதற்கு அரசு விதியும் ஒரு காரணம். பிபிஓ வேலையில் ஊழியர் வீட்டிலிருந்து வேலை பார்க்க தொலைத்தொடர்புத் துறையில் வங்கி உத்தரவாதம் எல்லாம் கட்ட வேண்டியிருந்தது. அதனால் ஆள், மெஷின் எல்லாம் ஒரே கட்டடத்தில். 2020 மார்ச் லாக்டவுனில் ஆபீஸ் டெஸ்க்டாப்களை வேனில் ஏற்றி ஆவடி, திருநின்றவூர் என்று வீடு வீடாக இறக்கிய காட்சி ஞாபகம் இருக்கும். அந்த நவம்பரில்தான் இந்த விதிகளை நிரந்தரமாகத் தளர்த்தினார்கள். கிளவுடில் மெய்நிகர் டெஸ்க்டாப் வைத்திருந்தவர்கள் லாக்டவுனில் வேன் தேடவில்லை. ஊழியர் வீட்டு லேப்டாப்பில் இருப்பது வெறும் திரைதான். டேட்டா உள்ளேயே இருக்கும். எங்கள் மீட்டிங்கின் "வெளிய போகக் கூடாது"க்கு உண்மையான பதில் அதுதான்.

இன்னொரு தயக்கத்தை யாரும் வெளியில் சொல்வதில்லை. நாம் தலைக்கணக்கில் பில் போடுகிறவர்கள். சர்வர் பராமரிப்புக்கு பத்து பேர் என்றால் பத்து பில். கிளவுட் வந்தால் அது மூன்றாகும். இந்தப் பயம் நிஜம். ஆனால் நாம் சொல்லாவிட்டால் கிளையன்ட் தானாகப் போகப்போகிறார், போகும்போது அந்த மூன்று பேரையும் வேறு இடத்தில் எடுப்பார். பெஞ்சில் உட்கார்ந்த அந்தப் பதினோரு பேரை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். அந்தக் கிளவுடுக்கெல்லாம் வேண்டிய டேட்டா சென்டர்களே அம்பத்தூருக்கு வந்துவிட்டன. என்டிடியின் சென்னை-2 வளாகம் 2023ல் இங்கே தொடங்கியது. திட்டமிட்ட அளவு 34.8 மெகாவாட். அதே வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எஸ்டேட் மறுபடி முழுகியது. அதனால் "நாங்க கிளவுட்ல இருக்கோம்" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஊர் கிளவுட்? அஷ்யூரில் 'சவுத் இந்தியா' என்று தேர்ந்தெடுத்தால் அது சென்னைதான். ஆபீஸும் சென்னை, கிளவுடும் சென்னை, பேக்கப்பும் சென்னை என்றால் பீரோ கொஞ்சம் பெரிசாகியிருக்கிறது, அவ்வளவே. 2021 மார்ச்சில் பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் டேட்டா சென்டர் தீப்பிடித்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

நெட் லைனும் அப்படித்தான். 2016 டிசம்பர் வர்தா புயலுக்குப் பிறகு கடலடி கேபிள் பாதிப்பால் ஏர்டெல் இணைய வேகம் படுத்துவிட்டது. ரெண்டு வேறு கம்பெனி லைன், ரெண்டு வேறு பக்கத்திலிருந்து கட்டடத்துக்குள் வர வேண்டும்.

சின்ன கம்பெனி வைத்திருக்கும் நண்பர்கள் எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறார்கள். முதலில் பேக்கப்பின் ஒரு காப்பியை மும்பைக்கோ ஹைதராபாத்துக்கோ அனுப்புங்கள், சர்வர் எதையும் தொடாமல். மாசம் ஒரு தடவை அதிலிருந்து ஒரு டேட்டாபேஸைத் திரும்ப எடுத்து ஓட்டிப் பாருங்கள், எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். அப்புறம் டெஸ்ட் சர்வர்கள். கிளையன்ட் டேட்டா இருக்கும் சர்வர் கடைசியில், எந்த நாட்டில் இருக்கலாம் என்று அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு. இதெல்லாம் நடப்பதற்குள் இன்னொரு மழைக்காலம் வந்துவிடும், அதனால் இன்றைக்கே கீழே இறங்கிப் போய் உங்கள் ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.